முன் சீட்டும் நம்ம கரிசல் ரோடும்



இந்த மாதச் சுவர் இதழில் நான் எழுதுவது கதையோ கவிதையோ இல்லை. ஒரு கருத்து. பிடிக்காதவர்கள் அடுத்த மாதம் பதில் எழுதுங்கள். தயவுசெய்து தாளைக் கிழிக்காதீர்கள். (போன மாதம் யாரோ விடுகதைப் பகுதியைக் கிழித்துக்கொண்டு போய்விட்டார்கள். விடையும் அதோடு போச்சு.)

விஷயத்துக்கு வருகிறேன். பஸ்ஸில் முன் சீட்டைப் பிடித்து உட்கார்ந்து, கண்ணாடி வழியாக ரோட்டை முழுசும் வீடியோ எடுத்துப் போடுகிறார்களே, அதை நீங்களும் யூடியூபில் பார்த்திருப்பீர்கள். எங்கள் வீட்டில் அப்பா போன் ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம்தான் கிடைக்கும். பெரியம்மா மகன் அண்ணன் வந்தால் அந்த நேரமும் இந்த வீடியோதான் ஓடும். ஆழியாறு தாண்டி வால்பாறைக்கு ஏறுகிற 40 கொண்டை ஊசி வளைவு, கொல்லிமலையின் 70 வளைவு, ஊட்டியிலிருந்து கல்லட்டி வழியாக மசினகுடிக்கு இறங்குகிற 36 வளைவு, இப்படி எல்லாம் எண்ணி எண்ணிப் பார்ப்பான். எனக்கும் பிடிக்கும். பொய் சொல்ல மாட்டேன். வளைவில் பஸ் திரும்பும்போது முன் கண்ணாடியில் ரோடே காணாமல் போய் வெறும் வானமும் பள்ளமும் தெரியும் பாருங்கள், அப்போது பாயில் உட்கார்ந்திருக்கிற நமக்கே வயிறு கலங்கும்.

போன வாரம் எங்கள் வகுப்பில் இதைப் பற்றிப் பெரிய வாக்குவாதம் வந்தது. பள்ளிச் சுற்றுலா போனால் முன் சீட்டில் உட்கார்ந்து வீடியோ எடுத்து, ஆண்டு விழாவில் திரை கட்டிப் போடலாம் என்று ஒருவர் சொன்னார். எந்த ரூட் என்று கேட்டதற்கு ஆளுக்கு ஒரு மலை சொன்னார்கள். நான் "நம்ம ரூட்டையே எடுக்கலாமே"ன்னு சொன்னேன். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். "நம்ம ரூட்ல என்ன இருக்கு? வெறும் கரிசக்காடும் வேலிக்கருவையும்தான?"ன்னு கேட்டார்கள். மணி அடித்துவிட்டதால் அன்றைக்குப் பதில் சொல்ல முடியவில்லை. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

மலை ரூட் எப்போது போனாலும் அழகு. கரிசல் ரூட் அப்படி இல்லை, அதற்கு மாதம் பார்த்துப் போக வேண்டும். சித்திரையில் போய் எடுத்துவிட்டு "ஒண்ணுமே இல்ல"ன்னு சொன்னால் அது ரூட்டின் குற்றமா? சித்திரையில் மண் வெடித்துக் கிடக்கும், கைவிடுகிற அளவுக்கு வெடிப்பு. களிமண் சத்து அதிகம் இருப்பதால் ஈரம் போகப் போக மண் சுருங்கி வெடிக்கிறது. மழை விழுந்தால் அதே மண் உப்பி வெடிப்பை மூடிக்கொள்ளும். புரட்டாசி, ஐப்பசியில் நனைந்த காட்டை நீங்கள் பஸ்ஸில் இருந்து பார்த்திருக்கிறீர்களா? ஆட்டுக்கல்லைக் கழுவி வைத்தது மாதிரி கருகருவென்று இருக்கும். அதில் உளுந்தும் பாசியும் மக்காச்சோளமும் முளைத்து வரும்போது கறுப்பில் பச்சைக் கோடு போட்டது மாதிரி இருக்கும். கார்த்திகையில் கறுப்பே தெரியாது, ஒரே பச்சை. மார்கழி காலையில் பனி இறங்கியிருக்கும். பனிக்குள் பனைமரம் மட்டும் கழுத்துக்கு மேலே தெரியும். மாசி, பங்குனியில் பருத்தி வெடித்திருக்கும். ஒரே ரூட்டில் நாலு படம் எடுக்கலாம். கொல்லிமலையில் 70 வளைவு என்றால் நம்மிடம் பன்னிரண்டு மாதம் இருக்கிறது.

எந்த பஸ், எந்த ரோடு என்பதும் முக்கியம். நம்ம ஊர் மதுரை தூத்துக்குடி நாலு வழிச்சாலையில் இருக்கிறது. முன்பு 45பி என்று எண், இப்போது 38. அந்தச் சாலையில் எக்ஸ்பிரஸ் வண்டியில் ஏறி எடுத்தால் நடுவில் அரளிச் செடியும் பச்சைப் போர்டும்தான் தெரியும். வேகத்தில் காடு எல்லாம் இழுத்துவிட்ட கோடு மாதிரி ஓடிவிடும். நாலு வழிச்சாலையில் ஒன்றே ஒன்று பார்க்கலாம், காற்றாலை இறக்கை ஏற்றிக்கொண்டு போகிற நீள லாரி. ஒரு இறக்கை நம்ம பள்ளிக்கூடக் கட்டடத்தை விட நீளம் இருக்கும் போல. அது முன்னால் போனால் நம்ம பஸ் பின்னால் ஊர்ந்து போக வேண்டியதுதான். அப்போது மட்டும் வீடியோ நன்றாக வரும்.

அதனால் என் விருப்பம் டவுன் பஸ்தான். நம்ம ஊரில் காலையில் ஏறினால் சிந்தலக்கரை, கீழஈரால் எல்லாம் நின்று நின்று எட்டயபுரம் போகும். அதுவரை வண்டி வடக்கு பார்த்துப் போவதால் காலை வெயில் டிரைவர் பக்கம்தான் அடிக்கும். இடது பக்கம் முன் சீட்டில் இருந்தால் கண் கூசாது, இடது பக்கத்துக் காட்டில் வெயில் நேராக விழுந்து ஒவ்வொரு செடியும் தெரியும். எட்டயபுரத்தில் மாறி கோவில்பட்டிக்குப் போனால் மேற்கு பார்த்துப் போகிறோம், சூரியன் முதுகுக்குப் பின்னால். திரும்பும்போது சாயங்காலம் வந்தால் கிழக்கு பார்த்து வருவோம், அப்போதும் சூரியன் பின்னால்தான். வீடியோ எடுக்கவே போட்ட ரோடு மாதிரி இல்லையா? கோவில்பட்டியிலிருந்து பசுவந்தனை வழியாக ஓட்டப்பிடாரம் போகிற ரோடு இன்னும் நல்ல ரோடு. அகலம் குறைவு என்பதால் காடு ஜன்னலை ஒட்டி வரும்.

எட்டயபுரத்தில் பாரதியார் 1882-ல் பிறந்த வீடு இருக்கிறது. முத்துசாமி தீட்சிதர் 1835-ல் மறைந்ததும் அதே ஊரில்தான். ஓட்டப்பிடாரம் வ.உ.சி. பிறந்த ஊர். அதைத் தாண்டினால் கட்டபொம்மனின் பாஞ்சாலங்குறிச்சி. கோவில்பட்டிக்குத் தெற்கே இடைசெவல் இருக்கிறது. அங்கே பிறந்த கி. ராஜநாராயணன் இந்தக் கரிசலைத்தான் எழுதினார், 'கோபல்லபுரத்து மக்கள்' நாவலுக்கு 1991-ல் சாகித்ய அகாடமி பரிசும் வாங்கினார். மலை ரூட்டில் போகிறவர்கள் வளைவு எண்ணிக்கை சொல்கிறார்கள். நாம் இந்தப் பெயர்களை எல்லாம் சொல்லலாமே.

இப்போது நான் சொல்ல வந்த முக்கியமான இடத்துக்கு வந்துவிட்டேன்.

அமெரிக்காவில் சான்பிரான்சிஸ்கோ என்று ஒரு நகரம். 1906 ஏப்ரல் மாதம், அங்கே தெருவில் ஓடுகிற கேபிள் காரின் முன்னால் கேமராவை வைத்து ஒரு தெரு முழுசும் படம் எடுத்தார்கள். மார்க்கெட் தெரு. பதிமூன்று நிமிஷம் ஓடும். படத்தில் கதை ஒன்றும் கிடையாது. குதிரை வண்டி வருகிறது, கார் குறுக்கே போகிறது, ஒரு பையன் ஓடுகிறான், தொப்பி போட்டவர்கள் பேப்பர் படிக்கிறார்கள். அவ்வளவுதான். ஏப்ரல் 18-ஆம் தேதி பெரிய பூகம்பம் வந்து, தீயும் பிடித்து, அந்தத் தெருவே அழிந்துபோனது. படம் எடுத்தது அதற்கு நாலே நாள் முன்னால். எடுத்தவர்களுக்கு அது தெரியுமா? சும்மா ஒரு தெருவை எடுத்தார்கள். இன்றைக்கு அந்தப் பதிமூன்று நிமிஷம்தான் அந்தத் தெரு.

நமக்குப் பூகம்பம் வரவில்லை. ஆனால் நம்ம ரோடு மாறவில்லையா? நாலு வழி போடுவதற்கு முன்னால் ரோட்டுக்கு இரண்டு பக்கமும் மரம் நிழலாக நின்றது என்று ஆச்சி சொல்லுவாங்க. பருத்தி எடுத்துவிட்டு மடியோடு அந்த நிழலில் உட்கார்ந்துதான் பஸ்ஸுக்குக் காத்திருப்பாங்களாம். நான் அந்த மரங்களைப் பார்க்க ஆசைப்பட்டு வீடு முழுக்கத் தேடினேன். கல்யாணப் போட்டோ இருக்கிறது, சடங்கு போட்டோ இருக்கிறது, ரோட்டுப் போட்டோ ஒன்று கூட இல்லை. யார் வீட்டிலாவது இருந்தால் எனக்குக் காட்டுங்கள். தனுஷ்கோடிக்குப் போன ரயில் 1964-இல் புயலில் போனது, அந்த வண்டியின் முன்னால் உட்கார்ந்து கடலை எடுத்த படம் ஒன்று இருந்தால் நாம் எத்தனை தடவை போட்டுப் பார்ப்போம்!

இனிமேலும் மாறும். உளுந்து விதைத்த காட்டில் சோலார் பலகை வரிசையாக நிற்பதைப் பஸ்ஸில் போகும்போதே பார்க்கிறோம். காற்றாலையும் கூடிக்கொண்டே போகிறது. கரண்ட் வேண்டும்தான், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. மாறுவதற்கு முன்னால் ஒரு தடவை முன் சீட்டில் உட்கார்ந்து எடுத்து வைக்கலாம் என்றுதான் சொல்கிறேன். வால்பாறையை எடுக்க ஊர் ஊராக ஆள் வருகிறார்கள். எப்போதும்வென்றானை எடுக்க நம்மை விட்டால் யார் வருவார்?

மலை ரூட்டிலும் ஒரு விஷயம் யோசிக்க வேண்டும். நம்ம பக்கத்து மாவட்டத்தில் மணிமுத்தாறு வழியாக மாஞ்சோலைக்குப் போகிற பஸ்ஸை நிறைய பேர் எடுத்திருக்கிறார்கள். காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று பெயர் கேட்கவே ஆசையாக இருக்கும். பனியும் காடும் அருமை. ஆனால் அந்த பஸ் பனியைப் பார்ப்பதற்காக விட்ட பஸ் இல்லை, தேயிலை பறிக்கிறவர்களுக்கான பஸ். 1929-ல் 99 வருஷக் குத்தகைக்கு எடுத்த தோட்டம் அது. குத்தகை 2028-ல் முடிகிறது என்று 2024-லேயே தோட்ட வேலையை நிறுத்தினார்கள். தலைமுறையாக அங்கேயே இருந்தவர்கள் கீழே இறங்க வேண்டியதாகிவிட்டது. நான் பார்த்த வீடியோக்களில் பனியைப் பற்றிப் பேசினார்கள், பக்கத்து சீட்டில் சாக்குப்பையோடு உட்கார்ந்திருந்த அம்மாவிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த அம்மா எந்த ஊரில் இறங்கினாங்க, இப்போது எங்கே இருக்காங்க என்று எனக்கு இன்னும் கேள்வியாகவே இருக்கிறது.

அதற்காகக் கேமராவைப் பஸ்ஸுக்குள் திருப்பிப் பெண்களை எடுக்கலாம் என்று யாரும் நினைக்க வேண்டாம்! சில பையன்கள் ரோட்டை எடுக்கிற மாதிரி எடுத்து மெதுவாகப் போனைத் திருப்புகிறார்கள். எங்களுக்குத் தெரியாது என்று நினைப்பு. அக்காமார்கள் துப்பட்டாவை இழுத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வதை நான் பார்த்திருக்கிறேன். ரோட்டை எடுக்க யாரையும் கேட்க வேண்டாம், முகத்தை எடுக்கக் கேட்டே ஆக வேண்டும். டிரைவர் அண்ணாச்சியிடமும் கண்டக்டரிடமும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். டிரைவர் பார்வை படுகிற இடத்தில் போனை நீட்டக் கூடாது, கண்ணாடிக்கு முன்னால் வைக்கக் கூடாது, இருட்டினால் லைட் அடிக்கக் கூடாது.

இன்னொன்றும் கேட்கிறேன். டவுன் பஸ்ஸில் முன் பக்கம் பெண்கள் சீட். அப்படியென்றால் முன் சீட்டு நம்ம சீட்டுதானே தோழிகளே? 2021 மே மாதத்தில் டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்று ஆனபோது ஆச்சி எவ்வளவு சந்தோஷப்பட்டாங்க தெரியுமா! அப்படி இருந்தும் முன் சீட்டு வீடியோ எடுப்பது எல்லாம் ஆண்கள்தான், நான் பார்த்த வரைக்கும். நாம் அந்த சீட்டில் உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொண்டு தூங்குகிறோம், இல்லை பூ கட்டுகிறோம். "பொட்டப்புள்ளைக்குப் பஸ்ல போன் எதுக்கு"ன்னு வீட்டில் கேட்பார்கள் என்று எனக்கும் தெரியும். எங்கள் வீட்டிலும் கேட்டார்கள். தனியாக விட மாட்டார்கள். அதனால்தான் இதைப் பள்ளிக்கூடத்து வேலையாக வைக்க வேண்டும் என்கிறேன். டீச்சரோடு நாலு பேர் போனால் யாரும் தடுக்க மாட்டார்கள்.

மெதுவாகப் போகிற வீடியோவை யார் உட்கார்ந்து பார்ப்பார்கள் என்று கேட்கிறவர்களுக்கு ஒரு செய்தி. நார்வே நாட்டில் 2009-ல் பெர்கன் என்ற ஊரிலிருந்து ஆஸ்லோ வரைக்கும் ரயில் போவதை ஏழு மணி நேரத்துக்கும் மேலே டிவியில் போட்டார்கள். ரயிலின் முன்னால் வைத்த கேமராவில் தண்டவாளம், குகை, பனி, ஸ்டேஷன், இதுதான் அதிகமும். சண்டை இல்லை, பாட்டு இல்லை. பத்து லட்சம் பேருக்கு மேல் கொஞ்ச நேரமாவது பார்த்தார்களாம். நாம் கேட்பது பத்து நிமிஷம்தான், அதுவும் நமக்குத் தெரிந்த ரோடு. திரையில் தன் ஊர் ஸ்டாப் வந்தால் யாராவது கத்தாமல் இருப்பார்களா?

தலைமை ஆசிரியர் அவர்கள் அனுமதி தந்தால் இப்படிச் செய்யலாம். சயின்ஸ் டீச்சர் போனில் படம் நன்றாக விழுகிறது. ஒருவர் எடுக்க வேண்டும், ஒருவர் நோட்டில் ஒவ்வொரு ஸ்டாப்பும் மணியும் எழுத வேண்டும், ஒருவர் அந்தந்தக் காட்டில் என்ன போட்டிருக்கிறது என்று குறிக்க வேண்டும். இந்த வேலைக்கு விவசாய வீட்டுப் பிள்ளைகள்தான் லாயக்கு, தூரத்தில் பார்த்தே உளுந்தா பாசியா என்று சொல்லிவிடுவார்கள். ஏறி இறங்குகிற பெரியவர்களிடம் அந்த ரோடு முன்னால் எப்படி இருந்தது என்று கேட்க ஒருவர். ஆச்சியும் வருகிறேன் என்று சொல்லியிருக்காங்க, மரம் நின்ற இடத்தை எல்லாம் காட்டுவாங்களாம்.

இது ஐப்பசி. கார்த்திகைக்குள் பயிர் நன்றாக எழும்பிவிடும், தையில் மக்காச்சோளத்தை அறுத்துவிடுவார்கள். அதற்குள் மழை இல்லாத ஒரு சனிக்கிழமை காலை வேண்டும். வர விருப்பம் உள்ளவர்கள் இந்தத் தாளின் கீழே இடம் விட்டிருக்கிறேன், பென்சிலில் பெயர் எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி