அலமாரிக்குள் ஒரு கிடார்



நமது மாணவர் பேரவை அறையில் ஒரு பச்சை இரும்பு அலமாரி இருப்பது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். அதற்குள் ஒரு கேரம் போர்டு, காற்றுப் போன இரண்டு வாலிபால், ஒரு கிழிந்த வலை, இவற்றுக்கெல்லாம் பின்னால் ஒரு எலக்ட்ரிக் கிடார் இருப்பது எத்தனை பேருக்குத் தெரியும்? கூடவே ஒரு சின்ன ஆம்ப்ளிஃபயரும் உண்டு. ஆண்டு விழாவுக்குப் பதினைந்து நாள் இருக்கும்போது அது வெளியே வரும். ஏற்கனவே வாசிக்கத் தெரிந்தவன் என்று பெயர் எடுத்த ஒருவன் கைக்குப் போகும். விழா முடிந்த மறுநாள் திரும்ப உள்ளே. பூட்டு. அப்புறம் அடுத்த வருஷம்தான்!

இந்த வழக்கம் சரியில்லை என்பது என் கட்சி. ஏன் என்று சொல்வதற்கு முன் என் கதையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அது அவ்வளவு பெருமைப்படுகிற கதை இல்லை.

போன வருஷம் "எனக்கு வாசிக்கத் தெரியும்ணே" என்று சீனியரிடம் சொல்லி அந்தக் கிடாரை வாங்கியவன் நான்தான். எனக்குத் தெரிந்ததெல்லாம் சித்தப்பா பையனின் சாதாரண கிடாரில் ஞாயிற்றுக்கிழமை தோறும் நாலு மணி நேரம் தட்டியதுதான். அதுவும் என்ன தட்டல்? 1982-ல் வந்த 'பயணங்கள் முடிவதில்லை' படத்தின் 'இளைய நிலா'வில் வரும் கிடார். கிடாரைத் தொட்ட முதல் வாரத்திலேயே அதில் இறங்குகிற ஆள் நான் ஒருவன் மட்டும் இல்லை என்று நினைக்கிறேன். விரல் நுனி கன்றிப் போகும். திங்கள் முதல் சனி வரை தொட முடியாது. அடுத்த ஞாயிறு மறுபடி முதலிலிருந்து. இப்படியே எட்டு மாதம்.

வாசிக்காத நாட்களில் படித்தேன். நான் ட்ரிபிள் ஈ மாணவன். பிக்கப் என்பது காந்தத்தைச் சுற்றி மெல்லிய செப்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்று சுற்றியது. இரும்புக் கம்பி அதிரும்போது சுருளில் மின்னழுத்தம் தூண்டப்படுகிறது. ஃபாரடே 1831-ல் கண்டதுதான். நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் இரைச்சலையும் அதே சுருள் வாங்கிக்கொள்கிறது. அதற்கு மருந்தாக, கிப்சன் நிறுவனத்தில் இருந்த சேத் லவர் 1955-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தது இரட்டைச் சுருள் ஹம்பக்கர். இரண்டு சுருளும் காந்தமும் எதிரெதிர் திசையில் இருப்பதால் இரைச்சல் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும், கம்பியின் ஒலி மட்டும் கூடும். கேட்க நன்றாக இருக்கிறது இல்லையா? யார் கேட்டாலும் இதையெல்லாம் அரை மணி நேரம் விளக்குவேன். ஆனால் ஜி-யிலிருந்து சி-க்கு விரலை மாற்றச் சொன்னால் மட்டும் முடியாது!

மேடையில் என்ன ஆனது என்பதைப் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். சாதாரண கிடாரில் தவறுதலாகப் பட்ட கம்பி "டொக்" என்று அடங்கிவிடும். எலக்ட்ரிக்கில் அப்படி இல்லை. லேசாக விரல் உரசினாலும் ஆம்ப்ளிஃபயர் அதை ஊருக்கே சொல்லிவிடும். நான் மூன்று கம்பியை அடித்தால் ஆறும் அலறின. டிரம்ஸ் தம்பி ஒரு வேகத்தில் போக, நான் ஒரு வேகத்தில் போக, நாலாவது வரியில் பாடகர் எங்கள் இருவரையும் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே... இரண்டாவது பாட்டுக்குக் கிடார் இல்லாமலே போய்விட்டார்கள். "என்னடா, கரண்ட் போயிடுச்சா?" என்று பின் வரிசையிலிருந்து ஒரு குரல். இப்போதும் கேன்டீனில் சில பேர் என்னை "கரண்ட்" என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

அன்றோடு விட்டிருப்பேன். விடாததற்குக் காரணம் நமது ஃபிட்டிங் ஷாப்.

முதல் வருஷம் எம்.எஸ். ஃப்ளாட்டை வைஸில் மாட்டி ராவிக்கொண்டே இருந்தோமே, ஞாபகம் இருக்கிறதா? ட்ரை ஸ்கொயரை வைத்து வெளிச்சத்தில் பிடித்தால் இடுக்கில் வெளிச்சம் தெரியும். மறுபடி ராவு. நான் அவசரத்தில் முன்னும் பின்னும் அழுத்தித் தேய்த்தேன். சார் பின்னால் வந்து நின்று, "தம்பி, ஃபைல் முன்னாடி போறப்பதான் வெட்டும். திரும்பி வர்றப்ப ஏன் அழுத்துறே? உன் தெம்புல பாதி வீணாப் போகுது, ஃபைலும் மழுங்குது" என்றார். மேடையில் மானம் போன ராத்திரி இந்த வார்த்தைதான் நினைவுக்கு வந்தது. நான் எட்டு மாதமாகச் செய்தது திரும்பி வரும்போது அழுத்தியதுதான். வேகமாக வாசித்து, தப்பாக வாசித்து, அந்தத் தப்பையே விரலுக்குப் பாடமாக்கி வைத்திருந்தேன்.

கோடை விடுமுறையில் மாமாவோடு வீட்டு வயரிங் வேலைக்குப் போய்ச் சேர்த்த காசில் பழைய எலக்ட்ரிக் கிடார் ஒன்று வாங்கினேன். ஒரு முடிவும் செய்தேன். தினம் இருபது நிமிஷம். கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம்.

முதல் இரண்டு நிமிஷம் சுருதி சேர்ப்பது. கைபேசியிலேயே அதற்கு வசதி இருக்கிறது. தடித்த ஆறாவது கம்பி 82.4 ஹெர்ட்ஸ், மெல்லிய முதல் கம்பி 329.6 ஹெர்ட்ஸ், இரண்டுமே ஈ சுரம்தான், சரியாக நாலு மடங்கு. சுருதி சேராத கிடாரில் சரியாக வாசித்தாலும் தப்பாகத்தான் கேட்கும், நம் மேல் நமக்கே சந்தேகம் வரும். அடுத்தது கார்ட் மாற்றம். ஈ மைனரிலிருந்து ஜி, ஜி-யிலிருந்து சி. ஒரு நிமிஷத்தில் எத்தனை தடவை சுத்தமாக மாற்ற முடிகிறது என்று எண்ணுவேன். முதல் நாள் 11. லேப் ரெகார்ட் எழுதுகிற மாதிரி ஒரு பழைய நோட்டில் தேதி போட்டு எழுதினேன். மறுநாள் 12. அதற்கு மறுநாள் 10! ஒரு வாரத்தை மட்டும் பார்த்தால் ஏமாற்றம்தான். மாதக் கடைசியில் பக்கத்தைத் திருப்பினால் 31. எனக்குக் கிடைத்த முதல் பாராட்டு அந்த நோட்டிலிருந்துதான்.

விரலை எங்கே வைப்பது என்பதிலும் ஒரு சங்கதி இருக்கிறது. ஃப்ரெட்டை ஒட்டி, அதற்கு மிக அருகில் பின்னால் வைத்தால் பாதி அழுத்தம் போதும். நடுவில் வைத்தால் கம்பி கரகரக்கும், கரகரக்கிறதே என்று இன்னும் அழுத்துவோம், விரல் புண்ணாகும். என் கம்பி 9 நம்பர், அதாவது முதல் கம்பி 0.009 அங்குலம். அந்த மெல்லிசுக் கம்பிக்கு இவ்வளவு பலம் எதற்கு?

மெட்ரோனோமைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நிமிஷத்துக்கு 60 தட்டு என்று வைத்தேன். சிரிப்பாக இருந்தது, இவ்வளவு மெதுவாகவா என்று. வாசித்துப் பார்த்தபோது அந்த மெதுவிலும் தட்டுக்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்தேன். ஒரு பகுதியைத் தொடர்ந்து மூன்று தடவை தப்பில்லாமல் வாசித்தால்தான் 64. தப்பினால் திரும்ப 60. ஒரே இடத்தில் இரண்டு வாரம் நின்றதும் உண்டு. வெறுத்துப் போய் ஒரு நாள் 90-ல் வைத்து அடித்தேன். நன்றாகத்தான் இருக்கிறது என்று தோன்றியது. பதிவு செய்து கேட்டேன். உடனே 60-க்கு வந்துவிட்டேன்.

ஆம்ப்ளிஃபயர் இல்லாமல் பழகினால் போதும் என்று சிலர் சொல்கிறார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கார்ட் மாற்றத்துக்கு அது சரி. ஆனால் வேண்டாத கம்பியை உள்ளங்கை ஓரத்தால் அடக்குவதும், இடது கை விரலின் மிச்ச சதையால் பக்கத்துக் கம்பியைத் தொட்டு நிறுத்துவதும் எலக்ட்ரிக் கிடாரில் பாதி வித்தை. அதைச் சத்தம் பெருகிக் கேட்டால்தான் கற்க முடியும். அக்கம்பக்கத்துக்குத் தொந்தரவு என்றால் ஹெட்ஃபோன் இருக்கிறது. (இன்னொன்று, ட்ரிபிள் ஈ-க்காரன் சொல்லாமல் விடக்கூடாது: கிடாரின் கம்பிகள் பிரிட்ஜ் வழியாக ஆம்ப்ளிஃபயரின் எர்த்தோடு சேர்ந்தவை. மூன்று பின் பிளக்கில் எர்த் பின்னை மடக்கிவிட்டு இரண்டு பின்னாகச் செருகுகிற புத்திசாலித்தனம் வேண்டவே வேண்டாம்.)

பிளாக் சபத் குழுவின் டோனி அயோமியைச் சிலர் அறிந்திருப்பீர்கள். அவர் நம்மைப் போல உலோகத்தோடு வேலை பார்த்தவர். 1965-ல், 17 வயதில், பர்மிங்காமில் ஒரு தகரத் தொழிற்சாலையில் வேலையின் கடைசி நாளன்று இயந்திரத்தில் மாட்டி நடுவிரல், மோதிர விரல் நுனிகள் போயின. இடது கைப் பழக்கக்காரர். போனது கம்பியை அழுத்த வேண்டிய வலது கை விரல்கள். 1928-ல் தீ விபத்தில் இடது கையின் இரண்டு விரல்கள் முடங்கியும் கிடார் வாசித்த ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் இசைத்தட்டை ஃபோர்மேன் போட்டுக் காட்டினாராம். அயோமி பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்தார், பிடிமானத்துக்கு மேலே தோல் ஒட்டினார், கம்பிகளை மெல்லிசாக மாற்றினார். 1970-ல் அவர்களுடைய முதல் இசைத்தட்டு வந்தது. இதைத் தன்னம்பிக்கைக் கதையாகச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. விரலுக்குத் தொப்பி செய்து, ராவி, மாட்டிப் பார்த்து, சரியில்லை என்று மறுபடி ராவியிருப்பார் அல்லவா? அந்த நாட்களைத்தான் நான் யோசித்துப் பார்க்கிறேன். அதற்கு அவருக்குக் கையில் ஒரு கிடார் இருந்தது.

இங்கேதான் அலமாரிக்கு வருகிறேன். எனக்கு மாமா இருந்தார், வயரிங் வேலை இருந்தது, காசு சேர்ந்தது. போன மாதம் முதல் வருஷ மெக்கானிக்கல் தம்பி ஒருவன் என்னிடம் வந்து, "அண்ணே, பேரவைல கிடார் இருக்காமே, ஒரு தடவை தொட்டுப் பார்க்கலாமாண்ணே?" என்று கேட்டான். சாவி வைத்திருப்பவரிடம் அழைத்துப் போனேன். "வாசிக்கத் தெரியுமா?" என்பதுதான் முதல் கேள்வி. தெரியாது என்றான். "தெரிஞ்சுக்கிட்டு வா, தர்றேன்" என்றார். எங்கே போய்த் தெரிந்துகொள்வான்? நானாவது பொய் சொல்லி வாங்கினேன். உண்மை சொன்னவன் வெறுங்கையோடு திரும்பினான்.

உடைத்துவிடுவார்கள் என்கிறார்கள். ஒர்க் ஷாப்பில் டோக்கன் கொடுத்து வெர்னியர் காலிப்பர் வாங்குகிறோம், திருப்பிக் கொடுத்து டோக்கனை வாங்கிக்கொள்கிறோம். இதற்கும் ஒரு நோட்டு போட்டால் போதும். படிப்பு கெடும், அரியர் விழும் என்கிறார்கள். ஆளுக்கு இருபது நிமிஷம், மாலை வகுப்பு விட்ட பிறகு, ஒரு நாளைக்கு மூன்று பேர். ஒரு மணி நேரம்தான் அறை திறந்திருக்க வேண்டும். தேர்வு வாரத்தில் பூட்டிக்கொள்ளட்டும், நானே ஆதரிக்கிறேன். சத்தம் என்பவர்களுக்கு ஹெட்ஃபோனைச் சொல்லிவிட்டேன்.

பதினைந்து நாளில் யாரும் கிடார் கற்க முடியாது, நண்பர்களே. நான் முயன்று பார்த்து, இருநூறு பேர் முன்னால் நிரூபித்தும் காட்டிவிட்டேன். இதே கிடார் பத்து மாதம் தினமும் வெளியே இருந்திருந்தால், மேடைக்கு ஆள் தேட வேண்டிய நிலையே வந்திருக்காது.

இந்த ஏப்ரலோடு நான் போகிறேன். என் நோட்டில் நேற்றைய கணக்கு 58. எஃப் கார்ட் இன்னும் சரியாக வரவில்லை. 'இளைய நிலா' பக்கம் போகவே இல்லை. புதிய பேரவைப் பொறுப்பாளர்கள் பதவியேற்ற பிறகு அந்தத் தம்பியை மறுபடி அழைத்துக்கொண்டு வருவதாக இருக்கிறேன். அலமாரிக் கிடாரில் முதல் கம்பி அறுந்து கிடக்கிறது, போன வருஷம் என் கையில் அறுந்ததுதான். புதுக் கம்பி ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். சாவியைக் கொடுத்தால் மாட்டிக் கொடுத்துவிட்டுப் போவேன்.