பதினெட்டு வயதோடு நோயும் நின்றுவிடுமா?

மனவளர்ச்சி குன்றிய பிள்ளைக்குப் பதினெட்டு வயது நிறைந்ததும் நோய்களெல்லாம் அதனை விட்டு விலகிவிடும் என்று அரசாங்கம் எண்ணுகிறது போலும்! 2013-இல் மைய அரசு தொடங்கிய சிறார் நலத் திட்டம் பிறப்பு முதல் 18 வயது வரையே பரிசோதிக்கிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 25-ஆம் பிரிவில், குழந்தைகளை ஆண்டுக்கு ஒருமுறையேனும் பரிசோதிக்கச் சொல்கிறது. வளர்ந்தவருக்குச் சிகிச்சையில் முன்னுரிமை உண்டு என்கிறது. ஆண்டுப் பரிசோதனை உண்டு என்று சொல்லவில்லை.

இதனால் விளையும் கேடு யாது? தலையைச் சுவரில் மோதிக்கொள்ளும் இளைஞனுக்குப் பல்வலியாக இருக்கலாம். காதில் சீழ் இருக்கலாம். நாட்பட்ட மலச்சிக்கலாகவும் இருக்கலாம். வாயைத் திறந்து பார்க்காமலே, "இவனுக்கு மூளைக் கோளாறு" என்று தூக்க மாத்திரை எழுதித் தருவது மருத்துவமாகுமா? டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்க்குத் தைராய்டுச் சுரப்புக் குறைவது மிகுதி. அதனால் சோர்ந்து கிடப்பவரை, "இயல்பே இதுதான்" என்று ஒதுக்குவது நியாயமாகுமா?

2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூர் உர ஆலையின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. கண்ணெரிச்சல், மூச்சுத் திணறல் என்று சொல்லி மக்கள் மருத்துவமனைக்கு விரைந்தனர். சொல்லத் தெரியாதவர் எதைச் சொல்லி விரைவார்? ஆலைப் புகையும் துறைமுகத் தூசியும் சூழ்ந்த வடசென்னையில் இவ்வினா வெறும் தர்க்கமன்று.

ஸ்டான்லி போன்ற பெரிய மருத்துவமனை சிக்கலான நோய்க்கு உரியது. காதுவலிக்கும் வயிற்றுவலிக்கும் இராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையமே கைகொடுக்க வேண்டும். இங்கிலாந்தில் 14 வயது முதலே இத்தகையோருக்கு ஆண்டுப் பரிசோதனை உண்டு. 2021-இல் தமிழகத்தில் தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" வீடு தேடி வந்து இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறது. வாப்பாவின் சர்க்கரையைப் பார்க்க வரும் ஊழியர், அதே வீட்டிலுள்ள முப்பது வயது மகனையும் பார்த்துச் சென்றால் என்ன குடி முழுகிவிடும்?

குடும்பத்தாரும் குற்றத்திலிருந்து தப்ப முடியாது. விருந்தினர் வந்தால் பின்கட்டில் மறைப்பதும், நோய் கண்டால் "தக்தீர்" என்று வாளாவிருப்பதும் அன்பாகா. மகனுக்கு வலி வந்தால் முகம் எப்படி மாறும், எந்த மருந்து ஒவ்வாது என்பவை இன்று உம்மா ஒருத்தியின் நெஞ்சில் மட்டுமே உள்ளன. அவள் மறைந்தால் அவ்வறிவும் மறையும். அதனை இன்றே ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள். அக்குறிப்பேட்டுடன் சுகாதார நிலையத்துக்குச் சென்று, ஆண்டுப் பரிசோதனையை உரிமையுடன் கேளுங்கள். கேட்பார் இல்லாத இடத்தில் கொடுப்பாரும் இரார்.