பத்துப் பேர் விலையில் ஒரு வரி

இலங்கையின் மிக உயரமான ரயில் நிலையம் பட்டிப்பொல. கடல் மட்டத்திலிருந்து 6,226 அடி உயரம். உல்லாசப் பயணிகள் இறங்கி, பெயர்ப் பலகையின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களிலிருந்து சென்னைக்கோ திருச்சிக்கோ படிக்கப் புறப்படும் பிள்ளைக்கு இந்த நிலையம் வேறொரு கணக்கின் தொடக்கம். கொழும்பிலிருந்து சென்னைக்கு விமானத்தில் ஒன்றரை மணி நேரம் போதும். திருச்சிக்கு அதைவிடக் குறைவு. பட்டிப்பொலயிலிருந்து கொழும்புக் கோட்டைக்கு ரயிலில் வந்து சேரவே ஏழெட்டு மணி நேரம் ஆகும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலையக ரயில் பாதையைப் பல இடங்களில் சிதைத்தபோது அந்த வழியும் அடைபட்டது.

விமான டிக்கெட் மலிந்துவிட்டது என்று அடிக்கடி கேட்கிறோம். அது பொய்யல்ல. ஆனால் அந்த மலிவு யாருக்குக் கிடைக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும்.

மலிவு விமானத்தின் வரலாற்றில் மாணவருக்குப் பெரிய இடம் உண்டு. ஏர் ஏசியாவை வளர்த்தெடுத்த மலேசியர் டோனி பெர்னாண்டஸ், இங்கிலாந்தின் எப்சம் கல்லூரி விடுதியில் தங்கிப் படித்தவர். விடுமுறைக்கு வீடு வர ஆசைப்பட்டபோது, டிக்கெட்டுக்கு அவ்வளவு பணம் செலவழிக்க முடியாது என்று பெற்றோர் சொன்னதை அவரே பல முறை நினைவுகூர்ந்திருக்கிறார். அங்கே படிக்கும் காலத்திலேயே தாயை இழந்தார். 2001இல், இரண்டே விமானங்களும் மலையளவு கடனும் கொண்டிருந்த அந்த நிறுவனத்தை ஒரு ரிங்கிட் கொடுத்து வாங்கினார். ஆசியாவில் கோடிக்கணக்கானோர் முதன்முறை விமானம் ஏற அது வழி செய்தது.

இலங்கை அரசும் இந்த வழியை முயன்று பார்த்தது. 2007இல் பறக்கத் தொடங்கிய மிஹின் லங்கா நட்டத்தில் மூழ்கி 2016இல் மூடப்பட்டது. இன்று இந்தியாவின் இண்டிகோ, உள்நாட்டின் பிட்ஸ் எயார் போன்ற தனியார் நிறுவனங்கள் மலிவுக் கட்டணத்தில் விமானம் விடுகின்றன. போட்டி கூடியிருக்கிறது, கட்டணமும் இறங்கியிருக்கிறது.

ஆனால் மலிவு டிக்கெட்டுக்கு மூன்று நிபந்தனைகள் உண்டு. பல வாரங்களுக்கு முன்பே வாங்க வேண்டும். அட்டை மூலம் பணம் கட்ட வேண்டும். ஒரு முறை எடுத்த திகதியை மாற்றக் கூடாது. தோட்ட லயத்தில் வாழும் குடும்பத்தால் இந்த மூன்றும் முடிவதில்லை. கல்லூரி அனுமதி, விசா, மாதச் சம்பளம், சீட்டுப் பணம், நகை அடகு எல்லாம் கைகூடும்போது புறப்பட வேண்டிய நாள் நெருங்கிவிடும். அட்டை இல்லாததால் ஹட்டனிலோ நுவரெலியாவிலோ முகவரிடம் போய், அவர் கூலியையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். விசா இரண்டு நாள் தாமதித்தால் டிக்கெட் பணம் போச்சு. மண்சரிவால் வீதி மூடினாலும் அதே கதிதான். புத்தகமும் கம்பளியும் நிறைந்த பெட்டி எடை மீறினால் அதற்குத் தனிக் கட்டணம். கொழும்பில் வசதியாக இருப்பவரின் பிள்ளைக்கு மலிவாகக் கிடைத்த அதே இருக்கை, தோட்டத்துப் பிள்ளைக்கு விலை கூடித்தான் கிடைக்கிறது.

இதற்கு மேல் அரசின் பங்கு ஒன்று இருக்கிறது. கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து வெளிநாடு செல்லும் ஒவ்வொருவரின் டிக்கெட்டிலும் 60 அமெரிக்க டொலர் புறப்பாட்டு வரி சேர்ந்திருக்கிறது. டொலர் 300 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 18,000 ரூபாய். தோட்டத்தில் ஒரு நாள் வேலையை ‘ஒரு பேர்’ என்பார்கள். 2026 வரவு செலவுத் திட்டத்தில் அறிவிக்கப்பட்ட நாட்சம்பளம், அரசின் 200 ரூபாய் வருகைக் கொடுப்பனவையும் சேர்த்து, 1,750 ரூபாய். ஆக இந்த ஒரு வரிக்காக மட்டும் ஒரு தாய் பத்துப் பேருக்கு மேல் கொழுந்து பறிக்க வேண்டும். தொழில் நிமித்தம் பறக்கும் செல்வந்தரும் அதே 60 டொலர்தான் கட்டுகிறார். மாணவருக்கென்று சலுகை எதுவும் இல்லை.

இந்த வரியைக் குறைக்கவே முடியாது என்று யாரும் சொல்ல வேண்டாம். காங்கேசன்துறைக்கும் நாகப்பட்டினத்துக்கும் இடையே 2023 ஒக்டோபரில் கப்பல் சேவை தொடங்கியது. அதில் போகும் பயணிகளுக்கு இதே வரியை 60 டொலரிலிருந்து 5 டொலராகக் குறைக்க அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. எளிய மக்கள் போகும் வழி என்று அரசு உணர்ந்ததால் எடுத்த நல்ல முடிவு அது. ஆனால் பட்டிப்பொலயிலிருந்து காங்கேசன்துறைக்குப் போவது, தீவின் நடு மலையிலிருந்து வட முனைக்குப் போவது. இந்தப் பிள்ளைகள் போகும் வாசல் கட்டுநாயக்கதான்.

இந்தியாவின் ஐ.சி.சி.ஆர். புலமைப்பரிசில் பெறுவோருக்கு விமானக் கட்டணமும் கிடைக்கிறது. பயணச் செலவு படிப்புச் செலவின் ஒரு பகுதியே என்பதை அந்தத் திட்டம் ஏற்றுக்கொண்டிருக்கிறது. அது கிடைக்காமல் சொந்தச் செலவில் போகும் பிள்ளைகளின் நிலையைத்தான் யாரும் கவனிப்பதில்லை.

மலையகத் தமிழருக்குப் பயணக் கடன் புதிதல்ல. தமிழகக் கிராமங்களிலிருந்து அழைத்து வரப்பட்ட முன்னோரின் வழிச் செலவு, தோட்டத்தில் கால் வைக்கும் முன்பே அவர்கள் தலையில் கடனாக ஏறியது. அந்தக் கடனைக் காட்டித் தொழிலாளரைக் கட்டிப்போட்ட ‘துண்டு’ முறை 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. நூறு ஆண்டுகள் கடந்த பிறகு, அவர்களின் கொள்ளுப்பேத்தி அதே கடலைக் கல்விக்காகத் திரும்பக் கடக்கும்போதும் வழிச் செலவுக் கடனோடு போவது நியாயமா?

வரியைக் குறைத்தால் அரசின் வருமானம் குறையும் என்று ஒரு வாதம் வரலாம். விமானம் ஏறும் இலட்சக்கணக்கானோரில் மாணவர்கள் சிறு தொகையினரே. அவர்களிடம் வாங்காமல் விடும் பணத்தால் திறைசேரி வற்றிவிடாது. பெருங்கடன் சுமக்கும் ஶ்ரீலங்கன் விமான சேவையை மக்களின் வரிப்பணம் பல ஆண்டுகளாகத் தாங்கி வருகிறது. அந்த மக்களில் தோட்டத் தொழிலாளரும் அடக்கம்.

செய்ய வேண்டியவை மூன்று. கல்லூரி அனுமதிக் கடிதமும் மாணவர் விசாவும் காட்டுவோருக்குப் புறப்பாட்டு வரியை, கப்பல் பயணிகளுக்குப் போல, 5 டொலராக்க வேண்டும். அரசுக்குச் சொந்தமான ஶ்ரீலங்கன், மாணவர் டிக்கெட்டில் ஒரு முறை இலவசத் திகதி மாற்றமும் கூடுதல் பொதி எடையும் தர வேண்டும். தோட்டக் கூட்டுறவுச் சங்கங்கள் வழியாக வட்டியில்லாப் பயண முற்பணம் கிடைக்க வேண்டும். நுவரெலியா மாவட்டத்தின் பாராளுமன்ற உறுப்பினர்கள், எந்தக் கட்சியினராயினும், அடுத்த வரவு செலவுத் திட்ட விவாதத்தில் முதற் கோரிக்கையையாவது எழுப்ப வேண்டும்.