வண்டிக்கும் குளிரும்

மார்கழி மாதத்து விடியற்காலையில் தலைக்கு எண்ணெய் தேய்த்துக்கொள்ள உட்கார்ந்தவர்கள் அனைவருக்கும் ஒரு விஷயம் தெரியும். புட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்தாலும் தேங்காய் எண்ணெய் ஒரு சொட்டு இறங்காது. வெண்ணெயைப் போல் உறைந்து உள்ளேயே உட்கார்ந்திருக்கும். அடுப்பு மேடையில் சற்று நேரம் வைத்தாலோ, முற்றத்து வெயிலில் காட்டினாலோதான் அதன் மனம் இளகும். இத்தனைக்கும் நம் ஊர் மார்கழிக் குளிர், இமயமலைப் பக்கத்து மனிதர்களிடம் சொன்னால் அவர்கள் சிரிக்கக்கூடிய குளிர்!

இந்த எண்ணெய்ப் புட்டியை நேயர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். இன்று சொல்லப்போகும் விஷயத்தில் பெரும் பகுதி அந்தப் புட்டிக்குள்ளேயே அடங்கியிருக்கிறது.

என் தங்கையின் மகன் சண்டிகரில் உத்தியோகம் பார்க்கிறான். 2024-ஆம் வருஷம் டிசம்பர் மாதத் தொடக்கத்தில் ஒரு நாள் டெலிபோனில் கூப்பிட்டான்.

"மாமா! அப்பாவும் அம்மாவும் இங்கே வந்திருக்கிறார்கள். மாதக் கடைசியில் குழந்தையையும் அழைத்துக்கொண்டு எல்லோருமாக மணாலிக்குப் போகிறோம். அங்கிருந்து சுரங்க வழியாக லாஹௌல் பள்ளத்தாக்குக்குப் போய்ப் பனி பார்த்துவிட்டு வர உத்தேசம்."

"பேஷ்! வண்டியைத் தயார் செய்துவிட்டாயா?"

"தயார் செய்ய என்ன இருக்கிறது, மாமா? வாங்கி இரண்டு வருஷம்தான் ஆகிறது. டீஸல் போட்டுக்கொண்டு புறப்பட வேண்டியதுதான்."

"ரேடியேட்டரில் என்ன இருக்கிறது?"

"போன கோடையில் ராஜஸ்தான் போனபோது கொஞ்சம் குறைந்திருந்தது. குழாய்த் தண்ணீர் ஊற்றினேன். அதற்கென்ன?"

அதற்கென்ன என்பதை விளக்கி அன்று இரவே அவனுக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினேன். பள்ளிக்கூடத்து உபாத்தியாயர்களுக்கு உள்ள துர்க்குணம் அது. ஒரு கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்லத் தெரியாது. ஆனால், அந்தக் கடிதத்தின் சாரம் மற்றக் குடும்பங்களுக்கும் பயன்படலாம் என்பதால் இங்கே தருகிறேன்.

முன்பெல்லாம் இந்தக் கவலைக்கு இடமே இருந்ததில்லை. மணாலிக்கும் லாஹௌலுக்கும் நடுவே 3,978 மீட்டர் உயரத்தில் ரோத்தங் கணவாய் நிற்கிறது. குளிர்காலம் வந்தால் கணவாயைப் பனி மூடிவிடும். வருஷத்தில் ஏறக்குறைய பாதி மாதங்கள் அப்பால் இருந்த ஜனங்களுக்கு வெளியுலகத்தோடு சாலைத் தொடர்பு கிடையாது. நம் எல்லைச் சாலை நிர்மாணப் படையினர் அந்த மலையைக் குடைந்து, 9.02 கிலோ மீட்டர் நீளமுள்ள அடல் சுரங்கத்தை முடித்தார்கள். 2020-ஆம் வருஷம் அக்டோபர் 3-ந் தேதி அது திறக்கப்பட்டது. தேசத்தார் பெருமை கொள்ளத்தக்க வேலைதான். ஆனால், சுரங்கத்தின் இரு வாயில்களும் கடல் மட்டத்துக்கு மேல் 3,000 மீட்டருக்கு அதிகமான உயரத்தில் இருக்கின்றன. சமவெளியில் ஓடிப் பழகிய குடும்ப வண்டி, இப்போது ஒரே நாளில் அந்த உயரத்துக்கும் அந்தக் குளிருக்கும் போய் நின்றுவிட முடிகிறது. ஆபத்து அங்கேதான் ஆரம்பிக்கிறது.

முதலில் ரேடியேட்டர். தண்ணீர் உறைந்து பனிக்கட்டியாகும்போது அதன் பருமன் நூற்றுக்கு ஒன்பது பங்கு பெருகுகிறது. அந்தப் பெருக்கத்துக்கு இரும்பும் தாங்காது. என்ஜினே பிளந்துபோகக் கூடும். எத்திலீன் கிளைக்கால் என்ற திரவத்தையும் சுத்த நீரையும் சரிபாதி கலந்தால், பூஜ்யத்துக்குக் கீழே 37 டிகிரி வரையில் அது உறையாது. "பாதிக்கு இத்தனை பலன் என்றால் முழுவதும் கிளைக்காலாகவே ஊற்றிவிடலாமே!" என்று சிலர் நினைக்கக்கூடும். அது தப்பு. கலப்பில்லாத கிளைக்கால் பூஜ்யத்துக்குக் கீழே 13 டிகிரியிலேயே உறைந்துவிடும். இரண்டும் சேர்ந்தால்தான் சக்தி. இல்லறத்தைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் திரவம் தித்திப்பாக இருக்கும். ஆனால் கொடிய விஷம். குழந்தைகள் கைக்கு எட்டும்படி வைக்கலாகாது.

அடுத்தபடி எண்ணெய்கள். என்ஜின் எண்ணெய் டப்பாவில் '5டபிள்யூ-30' என்றும் '20டபிள்யூ-40' என்றும் போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த 'டபிள்யூ' குளிர்காலத்தைக் குறிப்பது. அதற்கு முன்னுள்ள எண் எவ்வளவு குறைவோ, அவ்வளவுக்குக் குளிரிலும் எண்ணெய் இளகி ஓடும். வண்டியோடு வந்த கைப்புத்தகம் எந்த எண்ணை அனுமதிக்கிறதோ அதற்குள் குறைந்ததைத் தேர்ந்துகொள்வது நல்லது.

டீஸல் வண்டிக்காரர்களுக்கு இன்னொரு சங்கடம் உண்டு. டீஸலில் மெழுகு கலந்திருக்கிறது. கடுங்குளிரில் அந்த மெழுகு நம் தேங்காய் எண்ணெயைப் போலவே திரண்டு, வடிகட்டியை அடைத்துக்கொள்கிறது. லாரிக்காரர்கள் எண்ணெய்த் தொட்டிக்குக் கீழே நெருப்பு மூட்டிச் சூடு காட்டுவது மலைப் பிரதேசங்களில் வழக்கம். நெருப்பும் எண்ணெயும் எவ்வளவு சிநேகிதம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை! லடாக் போன்ற பிரதேசங்களுக்கென்றே, பூஜ்யத்துக்குக் கீழே 33 டிகிரி வரையில் ஓட்டம் நிற்காத குளிர்கால டீஸலை இந்தியன் ஆயில் நிறுவனத்தார் 2019-ஆம் வருஷம் நவம்பரில் வெளியிட்டார்கள். ஆகையால், சமவெளியில் தொட்டியை நிரப்பிக்கொண்டு நேரே கடுங்குளிருக்குள் போய் இரவு தங்கக் கூடாது. மேலே அத்தகைய டீஸல் எங்கே கிடைக்கும் என்று விசாரித்து, அங்கே நிரப்பிக்கொள்ள வேண்டும்.

பாட்டரியோ குளிரில் கிழவனாகிவிடுகிறது. பூஜ்யத்துக்குக் கீழே 18 டிகிரியில் அதன் சக்தி ஏறக்குறைய பாதியாகிறது. அதே சமயம் கெட்டிப்பட்ட எண்ணெயைக் கிளப்பும் வேலையோ அதிகமாகிறது. வரவு குறைந்து செலவு கூடினால் குடும்பம் என்ன ஆகும்? மூன்று நான்கு வருஷம் உழைத்த பாட்டரியைப் புறப்படுமுன் பரீட்சை செய்து பார்ப்பது அவசியம். இன்னொன்று: சக்தி நிறைந்த பாட்டரி எளிதில் உறையாது, சக்தி தீர்ந்துபோனதோ சில டிகிரிக் குளிரிலேயே உறைந்து வெடிக்கக் கூடும். இரவில் விளக்கை அணைக்க மறக்கலாகாது.

இனி டயர். சாதாரண டயரின் ரப்பர் 7 டிகிரிக்குக் கீழே இறுகத் தொடங்குகிறது. இறுகிய ரப்பருக்குச் சாலையைப் பிடிக்கும் சக்தி குறைகிறது. அதனால்தான் ஐரோப்பாவில் பனிக்கென்றே தனி டயர் மாட்டுகிறார்கள். மூன்று சிகரமுள்ள மலையும் அதற்குள் ஒரு பனிப்பூவும் அதன் அடையாளம். நம் தேசத்தில் டயரின் பள்ளம் 1.6 மில்லி மீட்டர் இருந்தால் சட்டம் திருப்தியடைந்துவிடும். ஆஸ்திரியாவில் பனிக்கால டயருக்கு 4 மில்லி மீட்டராவது இருக்க வேண்டும் என்கிறார்கள். பனிக்கு எந்தச் சட்டம் தெரியும் என்று நேயர்களே யோசித்துக்கொள்ளலாம். காற்றின் அழுத்தமும் குளிரில் குறையும். உயரத்தில் வெளிக்காற்று லேசாக இருப்பதால் மானியில் கொஞ்சம் கூடியும் காட்டும். ஊகம் வேண்டாம், போன இடத்தில், வண்டி ஓடாமல் நிற்கும் காலை வேளையில், அளந்து பார்த்துக்கொள்வதே சரி.

பனி விழுந்த நாட்களில், நாலு சக்கரமும் இழுக்கும் வண்டிகளையும் சங்கிலி கட்டிய வண்டிகளையும் தவிர மற்றவற்றைப் போலீஸார் மேலே விடுவதில்லை. எந்தச் சக்கரம் வண்டியை இழுக்கிறதோ அதற்குத்தான் சங்கிலி கட்ட வேண்டும். நம் சிறு வண்டிகளில் பெரும்பாலும் முன் சக்கரம். வாசலில் வெயிலில் ஒரு தரம் கட்டிப் பழகாதவன், பனியில் விரல் விறைத்து நிற்கும்போது கட்ட முடியாது. நாலு சக்கரம் இழுக்கும் வண்டி வைத்திருக்கிறோம் என்று கர்வப்படுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: கிளம்புவதற்குத்தான் அது ஒத்தாசை, நிற்பதற்கு அல்ல. பனிக்கட்டியின் மேல் வண்டி நிற்க, உலர்ந்த சாலையைப்போல் பத்து மடங்கு தூரம்கூட ஆகலாம். நிழல் விழும் திருப்பங்களிலும் பாலங்களிலும், வெறும் ஈரம்போல் தோன்றும் இடத்தில் கண்ணாடி மாதிரிப் பனிக்கட்டி படிந்திருக்கும். இறக்கத்தில் தாழ்ந்த கியரில் மெதுவாக இறங்க வேண்டும். பிரேக்கைத் திடீரென்று மிதிக்கலாகாது.

இரவில் வண்டியை நிறுத்தினால் கைப் பிரேக் போடாமல், கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கல் வைப்பது நலம். கைப் பிரேக் உறைந்து பிடித்துக்கொண்டால் காலையில் விடாது. கண்ணாடி துடைப்பானைத் தூக்கி நிறுத்திவிட வேண்டும். கண்ணாடியில் படிந்த பனியைப் போக்க வெந்நீர் ஊற்றினால், பனியோடு கண்ணாடியும் போய்விடும்.

கடைசியாக, மிகவும் முக்கியமான விஷயம். இதற்குக் காசு செலவு இல்லை. ஆனால் தெரியாமற்போனால் உயிர்ச்சேதம்.

பாகிஸ்தானில் மர்ரீ என்று ஒரு மலைவாசஸ்தலம் இருக்கிறது. 2022-ஆம் வருஷம் ஜனவரி மாதம் 7-ந் தேதி இரவு பனி பார்க்க வந்த ஜனங்களின் வண்டிகள் ஆயிரக்கணக்கில் அங்கே சாலையில் சிக்கிக்கொண்டன. பொழுது விடிந்தபோது குழந்தைகள் உள்பட இருபதுக்கும் மேற்பட்டவர்கள் தங்கள் வண்டிகளுக்குள்ளேயே இறந்திருந்தார்கள். குளிர் மட்டும் காரணமல்ல. பலரைக் கொன்றது கார்பன் மானாக்ஸைடு என்னும் வாயுவே என்று கருதப்படுகிறது. வண்டிக்குள் சூடு வேண்டி என்ஜினை ஓடவிடுகிறோம். வெளியே பனி உயர்ந்து புகைக் குழாயை மூடிவிடுகிறது. வெளியேற வழியில்லாத புகை அடிப்பக்கமாக உள்ளே நுழைகிறது. அந்த வாயுவுக்கு நிறமில்லை; மணமில்லை. இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினைப் பிராணவாயுவைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுகப் பற்றிக்கொள்ளும். மூச்சு முட்டுவதாகக்கூடத் தோன்றாது. தூக்கம் வருவதாகத்தான் தோன்றும். வடநாட்டில் மூடிய அறைக்குள் கரியடுப்பை வைத்துக்கொண்டு படுத்தவர்களை எழுந்திராமல் செய்வதும் இதே வாயுதான்.

ஆகையால், பனியில் வண்டி சிக்கிக்கொண்டால் செய்ய வேண்டியது இது: முதலில் இறங்கிப் புகைக் குழாயைச் சுற்றிலும் பனியை வாரி அப்புறப்படுத்த வேண்டும். பிறகு மணிக்குப் பத்து நிமிஷம் மட்டும் என்ஜினை ஓட்டலாம். காற்றடிக்காத பக்கத்துக் கண்ணாடியை ஒரு விரற்கடை திறந்து வைக்க வேண்டும். எல்லோரும் ஒரே சமயத்தில் தூங்கக் கூடாது. வண்டியை விட்டுவிட்டு இருட்டில் நடந்து போகவும் கூடாது. இதற்கென்று ஒரு மண்வாரி, கம்பளிகள், குடிநீர், வேர்க்கடலையும் பேரீச்சம்பழமும், கைவிளக்கு, இழுவைக் கயிறு, சக்கரத்துக்கு அடியில் போட ஒரு மூட்டை மணல் ஆகியவை வண்டியில் இருக்க வேண்டும்.

இவ்வளவையும் எழுதி அனுப்பினேன். "மாமாவின் கடிதம் பரீட்சைப் பேப்பர் மாதிரி இருக்கிறது" என்று பதில் வந்தது. ஆனால், பையன் புத்திசாலி, ஒவ்வொன்றாகச் செய்திருந்தான்.

டிசம்பர் 23-ந் தேதி அவர்கள் சுரங்கத்தைத் தாண்டிப் போய்விட்டுத் திரும்பும்போது பனி கொட்டத் தொடங்கியது. சுரங்கத்துக்கும் ஸோலாங்குக்கும் நடுவே அன்று சுமார் ஆயிரம் வண்டிகள் நின்றுவிட்டன என்று பத்திரிகைகளில் படித்திருப்பீர்கள். அவற்றில் எங்கள் வண்டியும் ஒன்று.

என் தங்கை பிற்பாடு சொன்னாள்: "அண்ணா! அன்றைக்குக் குழந்தையைக் கம்பளியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இவன் அரை மணிக்கு ஒரு தரம் மண்வாரியோடு இறங்குகிறான். 'வேண்டாமடா, ஜுரம் வரும்' என்றால் கேட்கவில்லை. ஒரு தரம் போனவன் வெகு நேரம் திரும்பவில்லை. எனக்கு உயிரே போய்விட்டது."

அவன் பின்னால் நின்ற வண்டிக்குப் போயிருந்தான். அதன் பின்புறம் பாதிக்கு மேல் பனி, கண்ணாடிகளெல்லாம் மூடியிருந்தன, என்ஜின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. பலமாகத் தட்டிய பிறகே கதவு திறந்தது. கணவன், மனைவி, இரண்டு குழந்தைகள். எல்லோருக்கும் தலைவலி, சின்னக் குழந்தை வாந்தி எடுத்திருந்தது. என்ஜினை அணைக்கச் சொல்லி, அவர்களை வெளிக்காற்றில் நிறுத்தி, குழாயைச் சுற்றியிருந்த பனியை வாரிக் கொட்டிவிட்டு வந்திருக்கிறான். அந்த மனிதர் நம் பாஷை அறியாதவர். இவன் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு வெகு நேரம் விடவில்லையாம்.

நள்ளிரவுக்கு மேல் போலீஸார் வழி ஒழுங்கு செய்து ஒவ்வொரு வண்டியாக இறக்கிவிட்டார்கள்.

இமயத்தின் பனியை நம் குழந்தைகள் அவசியம் பார்க்க வேண்டும். அது நம்முடைய மலை. ஆனால், புறப்படுவதற்கு முன் வண்டியின் மூடியை ஒரு தரம் திறந்து பாருங்கள். வண்டிக்கும் குளிரும், சொல்லத்தான் அதற்கு வாயில்லை. மற்றவை மறந்தாலும், அந்த மண்வாரியை மறக்க வேண்டாம். சண்டிகர்க் கடையில் அது விலை மலிவாகத்தான் கிடைத்ததாம்.