எண்ணிக்கை மட்டும் போதாது!

சகோதரிகளே, போன இதழில் மாவடு பக்குவம் எழுதியவளா இந்தத் தடவை இப்படி ஒரு விஷயத்தை எழுதுகிறாள் என்று முகம் சுளிக்காதீர்கள். நாம் வாய் திறக்காததால்தான் எத்தனையோ பெண்கள் தலையணையை நனைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

என் அண்ணன் மகளுக்குக் கல்யாணமாகி நாலு வருஷம். "இன்னும் விசேஷம் இல்லையா?" என்று கேட்காதவர்கள் கிடையாது. சம்பந்தியம்மா அவளை ராமேஸ்வரம் கூட்டிப் போனார், அரசமரம் சுற்ற வைத்தார். வளைகாப்பு வீடுகளுக்கு மட்டும் கூட்டிப் போகமாட்டார். ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், கர்ப்பக் குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று எக்ஸ்ரே, எல்லாம் அவளுக்கே. ஒன்றிலும் குறையில்லை.

போன வருஷம் துணைக்கு நான் போனேன். "வீட்டுக்காரருக்கு டெஸ்ட் எடுத்தாச்சா?" என்றார் லேடி டாக்டர். "அவருக்கென்ன, நல்லாத்தானே இருக்கார்!" என்று என் வாயிலிருந்தே வந்துவிட்டது. டாக்டர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "ஆளைப் பார்த்தா தெரியாதும்மா. ஆம்பளைக்கு முதல்லே ஒரே ஒரு டெஸ்ட். அதுக்கு ஊசிகூட கிடையாது. அதைச் செய்யாம இந்தப் பொண்ணைப் போட்டுக் குத்திக்கிட்டிருக்கீங்களே!" நான் தலை குனிந்துகொண்டேன்.

ரிசல்ட் வந்தது. விந்தணுக்களின் எண்ணிக்கை சரியாகவே இருந்தது. ஆனால் 100க்கு 15தான் முன்னோக்கி நீந்தின. "கோடிக் கணக்கில இருக்கே டாக்டர், போதாதா?" என்றார் மாப்பிள்ளை.

"கல்யாணத்துக்கு ஆயிரம் பேருக்குப் பத்திரிகை வைக்கிறோம். மண்டபம் வந்து சேர்ந்தவங்கதானே சார் கணக்கு?" என்றார் டாக்டர்.

விந்தணு ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு நீளம்தான். அதற்கு ஒரு தலை, ஒரு வால். வால் சரியாக அடித்தால்தான் கர்ப்பப்பையைத் தாண்டி, குழாயில் இருக்கும் கருமுட்டையை அடைய முடியும். உலக சுகாதார நிறுவனம் 2021ல் வெளியிட்ட கையேட்டின்படி, 100க்கு 42 ஆவது அசைய வேண்டும். 30 ஆவது முன்னேற வேண்டும். இதற்குக் கீழே இருந்தால் பிள்ளையே பிறக்காது என்று அர்த்தமில்லை, தாமதமாகலாம். ஒரு தடவை பார்த்துவிட்டு முடிவு கட்டவும் கூடாது. கடுமையான காய்ச்சல், புகையிலை, விதைப்பை நரம்பு வீக்கம், கிருமித் தொற்று எல்லாமே காரணமாகலாம். புதிய விந்தணு உருவாக ஏறக்குறைய இரண்டரை மாதம் ஆகும். அதனால் மருந்தோ பத்தியமோ, பலன் தெரிய மூன்று மாதமாவது பொறுக்க வேண்டும்.

இன்னொரு விஷயம். பிள்ளை இல்லையென்றாலும் பழி நமக்கு. போதும் என்றாலும் ஆபரேஷன் நமக்கு! 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, நம் நாட்டில் மணமான பெண்களில் 100க்கு ஏறக்குறைய 38 பேர் கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். ஆண்கள் செய்துகொண்டதோ 0.3 சதவீதம்தான். ஆண்களுக்கு இன்றைக்கு இருப்பது ஆணுறையும் ஆபரேஷனும்தான்.

இதை மாற்றத்தான் விஞ்ஞானிகள் இந்த வாலைப் பிடித்திருக்கிறார்கள். கால்சியம் உள்ளே நுழைய வாலில் ஒரு வாசல் இருப்பதை 2001ல் கண்டுபிடித்தார்கள். அது திறந்தால்தான் வால் சாட்டை மாதிரி வீசியடித்து, விந்தணு முட்டைக்குள் நுழைய முடியும். அதை மூடி வைத்தால் கருத்தடைதானே என்று ஆராய்கிறார்கள். 2023ல் நியூயார்க்கில் வெய்ல் கார்னெல் மருத்துவக் கல்லூரியார், விந்தணுவை நீந்தத் தூண்டும் ஒரு என்ஸைமைத் தடுக்கும் மருந்தை ஆண் எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். அரை மணியில் வேலை செய்தது. முதல் இரண்டு மணி நேரத்தில் ஒரு எலியும் சினையாகவில்லை. மறுநாள் எல்லாம் பழையபடி! மனிதர்களுக்கு வர இன்னும் பல சோதனைகள் பாக்கி. வந்தால் சுமையில் பாதி இறங்கும்.

எங்கள் மாப்பிள்ளை சிகரெட்டை விட்டுவிட்டார். அடுத்த பரிசோதனையில் 15 என்பது 24 ஆகியிருக்கிறது. விசேஷம் இன்னும் இல்லை. ஆனால் போன வாரம் ஒரு வளைகாப்புக்கு, சம்பந்தியம்மாவே மருமகள் கையைப் பிடித்துக் கூட்டி வந்தார்.

சகோதரிகளே, இது யார் குற்றமும் இல்லை. உடம்பில் ஒரு குறைபாடு, அவ்வளவுதான். உங்கள் வீட்டிலும் இந்தக் கவலை இருந்தால், மருமகளை அழைத்துக்கொண்டு புறப்படும்போது மகனையும் கூடவே கிளம்பச் சொல்லுங்கள்.