நெஞ்சின்மேல் ஒரு வண்டு



மாட்டுச் சாணத்தை உருண்டையாக்கிப் பின்னங்கால்களால் உருட்டிச் செல்லும் கருவண்டைக் கிராமத்துப் பாதைகளில் நீங்கள் கண்டிருக்கலாம். நாம் பொருட்படுத்தாமல் கடந்து செல்லும் அச்சிற்றுயிரை, நைல் நதிக்கரையில் வாழ்ந்த பண்டைய எகிப்தியர் தெய்வ வடிவாகவே போற்றினர்.

வண்டு உருண்டையை உருட்டுவது போலவே ஒரு தெய்வம் கதிரவனை வானில் உருட்டிச் செல்வதாக அவர்கள் கருதினர். மேலும், சாண உருண்டையை மண்ணுக்குள் புதைத்து அதனுள் முட்டையிடுவது இவ்வண்டின் இயல்பு. உள்ளே வளரும் புழு, முழு வண்டாகி ஒரு நாள் மண்ணைப் பிளந்து வெளிவரும். முட்டையைக் காணாத மக்களுக்கு அது தானே தோன்றிய உயிராகத் தெரிந்தது. ஆதலால், இரவில் மறைந்து காலையில் மீண்டும் பிறக்கும் உதயசூரியனையும் வண்டு வடிவில் வழிபட்டு, கெப்ரி என்று அழைத்தனர். உருவாதல், தோன்றுதல் என்னும் பொருளுடைய சொல்லிலிருந்து அமைந்த பெயர் அது.

மாக்கல்லில் வண்டு உருவம் செதுக்கி, நீலமும் பச்சையுமாக மெருகேற்றி, அதனைத் தாயத்தாக அணிந்தனர். தட்டையான அடிப்பகுதியில் பெயரைப் பொறித்து முத்திரையாகவும் பயன்படுத்தினர். மூன்றாம் அமென்ஹோடெப் என்னும் மன்னன் காலத்துப் பெரிய கல் வண்டு ஒன்று கார்னாக் கோயிலின் திருக்குளக் கரையில் இன்றும் பீடத்தின்மேல் இருக்கிறது.

இவற்றுள் நம் சிந்தனைக்குரியது இதய வண்டு. இறந்தவர் உடலைப் பதப்படுத்தும்போது மூளையை அகற்றிவிடும் எகிப்தியர், இதயத்தை மட்டும் உடலிலேயே விட்டுவைத்தனர். அறிவும் நினைவும் அங்கேதான் உறைகின்றன என்பது அவர்கள் நம்பிக்கை. மறுமையில் ஓசிரிஸ் தெய்வத்தின் சபையில் அவ்விதயம் தராசின் ஒரு தட்டில் வைக்கப்படும். மறு தட்டில் வாய்மைக்கும் நீதிக்கும் உரிய மாஅத் தேவியின் இறகு. இறந்தவர், தாம் எவரையும் பசியால் வாட விடவில்லை, எடையில் வஞ்சகம் செய்யவில்லை என்று 42 நீதிபதிகள் முன் உரைப்பார். இதயம் நிறையில் தவறினால், முதலைத் தலையுடைய அம்மித் அதனை விழுங்கிவிடும். பிறகு அவருக்கு மறுவாழ்வு இல்லை.

அந்த வேளைக்காகவே, பச்சைக் கல்லாலான வண்டினை இறந்தவரின் மார்பின்மீது வைத்தனர். அதன் அடியில் ஒரு மந்திரம் பொறிக்கப்பட்டிருக்கும். அது தெய்வங்களை நோக்கிய வேண்டுதல் அன்று. தன் இதயத்தையே நோக்கியது. தராசின் முன்னே எனக்கெதிராகச் சாட்சி சொல்ல எழாதே என்று ஒருவன் தன் இதயத்தைக் கெஞ்சும் மந்திரம் அது.

நாவால் மறுத்தாலும் நெஞ்சு அறியும் என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர். தமிழில் நாம் மனச்சாட்சி என்கிறோமே, அதுவும் அதே சாட்சியன்றோ! முதுமையில் உறக்கம் வாராத இரவுகளில் அச்சாட்சி நம்மிடம் பேசுவதுண்டு. உடன்பிறந்தாருக்குக் கொடாத பங்கு, உழைத்தவருக்குக் குறைத்த கூலி, மருமகளைச் சுட்ட சொல் என ஏதேனும் ஒன்று நினைவுக்கு வரும். வாய்திறவாதே என்று நெஞ்சைக் கல்லால் கட்டுப்படுத்த முயன்றனர் எகிப்தியர். நமக்கோ இன்னும் நாட்கள் உள்ளன. கொடுக்க வேண்டியதைக் கொடுத்து, வருந்த வேண்டியவரிடம் வருந்தி, நெஞ்சின் சுமையை இப்போதே இறக்கி வைப்போம்.