ஒரு பங்கு, பல மேய்ப்பர்கள்



ஜேர்மனி, பிரான்ஸ், சுவிற்சர்லாந்து முதலிய நாடுகளில் வாழும் எமது உறவினர்களுடன் உரையாடும்போது அண்மைக் காலமாக ஒரு குறை அடிக்கடி செவிக்கு எட்டுகின்றது. தாம் ஞாயிறு திருப்பலி காணும் ஆலயம் இப்போது தனிப் பங்காக இல்லை. அயலிலுள்ள பல ஆலயங்களுடன் இணைக்கப்பட்டுவிட்டது. இவ்வாரம் ஒரு குருவானவர், அடுத்த வாரம் வேறொருவர். பிள்ளைக்குத் திருமுழுக்குக் கொடுப்பதற்கு யாரை அணுகுவது என்றே புரியவில்லை என்பதே அக்குறை. "ஒரே மந்தை, ஒரே மேய்ப்பர் என்றல்லவா படித்தோம்?" என்று கேட்பவர்களும் உள்ளனர். யோவான் நற்செய்தி குறிப்பிடும் அந்த ஒரே மேய்ப்பர் எமது பங்குத்தந்தை அல்லர், ஆண்டவர் இயேசுவே என்பதை முதலில் பணிவுடன் நினைவூட்டிக்கொண்டு, விடயத்திற்கு வருவோம்.

ஒரு பங்கினைப் பல குருக்கள் சேர்ந்து வழிநடத்துவது திருச்சபைச் சட்டத்திற்கு முரணானதன்று. அது சட்டத்திலேயே உள்ளது. ஆனால் பல ஆலயங்களை இணைத்துக் குறைந்த குருக்களைக் கொண்டு சமாளிப்பது வேறு. பல குருக்கள் ஒரே மேய்ப்புப் பொறுப்பினைப் பகிர்ந்துகொள்வது வேறு. இவ்விரண்டையும் ஒன்றெனக் குழப்பிக்கொள்வதால், நன்மையான ஒன்று தீமையான பெயரைச் சுமக்க நேரிடுகின்றது.

1917 ஆம் ஆண்டின் பழைய திருச்சபைச் சட்டத் தொகுப்பு, ஒரு பங்கிற்கு ஒரே பங்குத்தந்தைதான் இருக்கலாம் என்றும், இதற்கு மாறான வழக்கம் எங்கேனும் நிலவினால் அது செல்லாது என்றும் திட்டவட்டமாகக் கூறியது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் வேறு திசையை நோக்கியது. 1965 ஆம் ஆண்டு அச்சங்கம் வெளியிட்ட குருக்களின் பணியும் வாழ்வும் பற்றிய ஏடு, எந்தக் குருவும் தனித்து நின்று தமது பணியைப் போதியவாறு நிறைவேற்ற இயலாது என்று எடுத்துரைத்து, குருக்கள் சேர்ந்து வாழ்வதை ஊக்குவித்தது. அதன் பலனாக 1983 ஆம் ஆண்டின் புதிய சட்டத் தொகுப்பில் 517 ஆம் பிரிவு இடம்பெற்றது. சூழ்நிலைகள் வேண்டும்போது, ஒரு பங்கினையோ பல பங்குகளையோ பல குருக்களிடம் ஒருங்கே ஒப்படைக்கலாம். அவர்களுள் ஒருவர் நெறியாளராக இருந்து கூட்டுப் பணியை வழிநடத்தி, ஆயருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவராக இருப்பார் என்று அது கூறுகின்றது.

இதற்குச் சட்டம் பயன்படுத்தும் இலத்தீன் சொல் 'இன் சொலிதும்' என்பது. உரோமரின் கடன் சட்டத்திலிருந்து வந்த சொல் இது. மூவர் சேர்ந்து ஒரு கடனைப் பெற்றால், கடன் கொடுத்தவர் அம்மூவரில் எவரிடமும் முழுத் தொகையையும் கேட்கலாம். "எனது மூன்றிலொரு பங்கைத் தந்துவிட்டேன், மிகுதியை மற்றவர்களிடம் கேளும்" என்று எவரும் ஒதுங்க முடியாது. எமது ஊர்களில் பிணைக்குக் கையொப்பம் வைத்தவர்களுக்கு இதன் பொருளை விளக்கவேண்டியதில்லை! ஆன்மாக்கள் விடயத்திலும் அவ்வாறே. நள்ளிரவில் நோயாளி ஒருவருக்குப் பூசுதல் வழங்க அழைப்பு வந்தால், "அந்தத் தெரு மற்றச் சுவாமியாருடையது" என்று கூற இக்குருக்களுள் எவருக்கும் இடமில்லை.

இவ்விடத்தில் உதவிப் பங்குத்தந்தையருக்கும் இவர்களுக்கும் உள்ள வேறுபாட்டினைக் கவனித்தல் வேண்டும். உதவிப் பங்குத்தந்தை, பங்குத்தந்தையின் அதிகாரத்தின் கீழ் அவரோடு ஒத்துழைப்பவர். கூட்டாகப் பொறுப்பேற்ற குருக்களோ அனைவரும் பங்குத்தந்தைக்குரிய தகுதிகளைக் கொண்டிருத்தல் வேண்டும். திருமணத்தை முன்னின்று நடத்தும் அதிகாரம் முதலியவை அனைவருக்கும் உண்டு. எனினும் நெறியாளரின் வழிநடத்தலுக்கு உட்பட்டே அவற்றைப் பயன்படுத்துவர். சட்ட விவகாரங்களில் பங்கின் சார்பில் நெறியாளர் மட்டுமே நிற்பார். அவர்களுள் ஒருவர் மாற்றலாகிச் சென்றாலோ இறந்தாலோ பங்கு வெறுமையாவதில்லை. நெறியாளரே விலகினாலும், புதியவரை ஆயர் நியமிக்கும்வரை, நியமனத்தில் மூத்தவர் அப்பணியை ஆற்றுவார். ஒரு பங்குத்தந்தை மாறிச் சென்றதும் அவர் தொடங்கிய இளைஞர் மன்றமும் ஞாயிறு மறைக்கல்வித் திட்டமும் அவருடனேயே மூட்டை கட்டிக்கொண்டு போவதைக் கண்டு சலித்தவர்கள், இந்தத் தொடர்ச்சியின் அருமையை உணர்வார்கள்.

இன்னுமொரு நுட்பம். இதே 517 ஆம் பிரிவின் இரண்டாம் பகுதி, குருக்கள் பற்றாக்குறையின் காரணமாகத் திருத்தொண்டர் ஒருவருக்கோ பொதுநிலையினருக்கோ மேய்ப்புப் பணியில் பங்களிக்கும் ஏற்பாட்டைப் பற்றியது. பற்றாக்குறை என்ற சொல் அங்கேதான் வருகின்றது. பல குருக்களின் கூட்டுப் பொறுப்பைக் கூறும் முதற் பகுதியில் அச்சொல் இல்லை. பற்றாக்குறைக்கு மருந்தாக மட்டும் இந்த ஏற்பாட்டைச் சட்டம் கருதவில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையா?

இனி ஜேர்மனியின் ட்ரியர் மறைமாவட்டத்திற்குச் செல்வோம். புனித அம்புரோசியார் பிறந்த நகரம் அது. ஆண்டவரின் தையலில்லா அங்கி என மரபு போற்றும் ஆடை பேணப்படுவதும் அதன் பேராலயத்திலேயே. 2013 இன் இறுதி முதல் 2016 வரை அங்கு மறைமாவட்ட மாமன்றம் ஒன்று கூடியது. அதன் தொடர்ச்சியாக ஆயர் ஸ்டெபான் அக்கர்மன் ஒரு பெருந்திட்டத்தை முன்வைத்தார். மறைமாவட்டத்தின் 887 பங்குகளும் 35 பெரும் பங்குகளாக்கப்படும். ஒவ்வொன்றையும் ஒரு குருவும் பொதுநிலையினரும் அடங்கிய குழுவொன்று வழிநடத்தும். சராசரியாக 25 பங்குகள் ஒன்றாகும் என்று கணக்கிட்டுப் பாருங்கள்! 2020 ஜனவரி முதலாம் நாள் நடைமுறைக்கு வரவிருந்த அத்திட்டத்திற்கு எதிராகக் குருக்கள் சிலரும் பொதுநிலையினர் சிலரும் உரோமையில் முறையிட்டனர். 2019 நவம்பரில் வத்திக்கானின் குருக்களுக்கான பேராயம் அதனை இடைநிறுத்தியது.

அடுத்த ஆண்டு ஜூலையில் அதே பேராயம் பங்குச் சமூகத்தின் மேய்ப்புப்பணி மனமாற்றம் பற்றிய அறிவுறுத்தலை வெளியிட்டது. குருக்களும் பொதுநிலையினரும் கலந்த குழுவொன்றிடம் பங்குத்தந்தையின் பொறுப்பை ஒப்படைக்க முடியாது, 'வழிநடத்தும் குழு' போன்ற பெயர்களைத் தவிர்க்கவேண்டும் என்று அது கூறியது. குருக்களின் கூட்டுப் பொறுப்பினை மட்டும் சட்டத்தில் உள்ளவாறே உறுதிப்படுத்தியது. ஜேர்மனிய ஆயர்கள் பலர் இவ்வறிவுறுத்தலை வெளிப்படையாகவே விமர்சித்தனர்.

எனது தாழ்மையான கருத்தில், சட்டத்தைப் பொறுத்தவரை உரோமையின் பக்கமே நியாயம் இருந்தது. திருப்பலியையும் பாவமன்னிப்பையும் வழங்குபவரிடமிருந்து மேய்ப்புப் பொறுப்பைப் பிரித்துவிட்டால், குரு அருளடையாளங்களை வழங்கிச் செல்லும் வழிப்போக்கராகிவிடுவார். ஆயினும் யார் வழிநடத்துவது என்ற விவாதத்தின் இரைச்சலில், இருபத்தைந்து கிராமங்களின் முதியோரைப் பெயர் சொல்லி அழைக்க யார் இருப்பார் என்ற கேள்வி பின்னுக்குத் தள்ளப்பட்டது. அங்கு குழுவில் மூவர் இருந்தாலென்ன, முப்பதின்மர் இருந்தாலென்ன? தனது ஆடுகளை அறியாத மேய்ப்பரைப் பன்மையில் நியமிப்பதால் அறிமுகம் உண்டாகிவிடாது.

அயர்லாந்தின் டப்ளின் உயர்மறைமாவட்டத்தில் வேறொரு பாதையைக் காண்கின்றோம். அங்கு வெளியாகும் குருக்கள் நியமனப் பட்டியல்களை வாசிப்பவர், சில பங்குகளில் ஒரு குரு நெறியாளராகவும் ஏனையோர் இணைப் பங்குத்தந்தையராகவும் குறிக்கப்படுவதைக் காணலாம். 517 ஆம் பிரிவின் முதற்பகுதி நடைமுறையில் இயங்குவது அவ்வாறே. ஒரு காலத்தில் உலகெங்கும் மறைபரப்பாளரை அனுப்பிய அந்நாட்டில், டப்ளினின் சொந்தக் குருமடமான திருச்சிலுவைக் கல்லூரி 2000 ஆம் ஆண்டில் குருத்துவப் பயிற்சியை நிறுத்திக்கொண்டது. ஆதலால் பற்றாக்குறையின் நிழல் அங்கும் விழவே செய்கின்றது. எனினும் அயலூர்க் குருக்கள் ஒருவருக்கொருவர் விருந்தினராக இல்லாமல் ஒரே பொறுப்பின் பங்காளிகளாக இருப்பது, நோயுற்ற, முதிர்ந்த குருவுக்கு எத்துணை ஆறுதல் என்பதைத் தனியே குருமனையில் இராவுணவு உண்பவர்கள் அறிவார்கள்.

சேர்ந்து பொறுப்பேற்பது இனிமையான காரியமென்று நான் கூறமாட்டேன். ஒரு கூரையின் கீழ் மூன்று குருக்கள் என்றால் மூன்று மறையுரைகள், மூன்று கோபங்கள், காலைத் திருப்பலி நேரத்தைப் பற்றி மூன்று அபிப்பிராயங்கள். இதைப் புனித அகுஸ்தீனாரைவிட நன்கறிந்தவர் எவருமில்லை. ஹிப்போ நகரின் ஆயராக அவர் தமது குருக்களை ஆயரில்லத்திலேயே தம்முடன் சேர்ந்து, சொந்த உடைமையின்றி வாழச் செய்தார். அவரது வரலாற்றை எழுதிய பொசிதியுசு சுவையான ஒரு தகவலைத் தருகின்றார். அங்கு இல்லாதவர்களின் குறைகளைக் கடித்துக் குதறுபவர்களுக்கு இம்மேசையில் இடமில்லை என்ற பொருள்பட அகுஸ்தீனார் தமது உணவு மேசையில் வரிகளைப் பொறித்து வைத்திருந்தார். ஒருமுறை அவருக்கு நெருக்கமான சக ஆயர்களே அதை மறந்து புறம்பேசத் தொடங்கியபோது, ஒன்றில் இவ்வரிகளை அழிக்கவேண்டும், அல்லது நான் எழுந்து எனது அறைக்குப் போகவேண்டும் என்று கண்டித்தாராம்.

அத்துடன் நின்றுவிடவில்லை. 425 ஆம் ஆண்டளவில் அவ்வீட்டுக் குருக்களுள் ஒருவரான யனுவாரியுசு இறந்தபோது, உடைமை எதுவுமில்லை என்று கூறப்பட்ட அவர் பணம் வைத்திருந்து உயிலும் எழுதியிருந்தமை தெரியவந்தது. உயிலின்படி அப்பணம் திருச்சபைக்கே சேரவேண்டியது. அகுஸ்தீனார் அதை ஏற்க மறுத்தார். மறைக்கவுமில்லை. மக்கள் முன்னிலையில் மறையுரையிலேயே நடந்ததைக் கூறி, பின்னர் விசாரித்து, தம்முடன் வாழ்ந்த குருக்களின் உடைமை நிலையை ஒவ்வொருவராக மக்களுக்கு அறிவித்தார். குருக்களின் கூட்டு வாழ்வுக்கு மக்களே சாட்சிகள் என்று அவர் கருதினார். 2025 மே 8 ஆம் நாள் தெரிவுசெய்யப்பட்ட திருத்தந்தை பதினான்காம் லியோ, அகுஸ்தீனாரின் ஒழுங்கைப் பின்பற்றும் சபையில் வளர்ந்து 2001 முதல் 2013 வரை அதன் உலகத் தலைவராகப் பணியாற்றியவர் என்பதையும் இங்கு நினைவிற்கொள்ளலாம்.

எமது மண்ணின் திருத்தூதர் புனித யோசப் வாஸ் 1687 இல் இங்கு வந்து, ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் வேறு குருக்களின் துணையின்றி உழைத்தார். அவரது வீரத்தைப் போற்றுகின்ற நாம், அவர் தனிமையை ஒருபோதும் இலட்சியமாகக் கொள்ளவில்லை என்பதை எளிதில் மறந்துவிடுகின்றோம். அவர் கோவாவின் ஒரற்றோறியன் சமூகத்தைச் சேர்ந்தவர். குருக்கள் ஒன்றாக வாழ்வதே அச்சமூகத்தின் அடிப்படை. துணைக்குருக்கள் வந்து சேர்ந்த பின்னரே அவரது மறைபணி நாடெங்கும் வேரூன்றியது.

அன்பான வாசகர்களே, எமது ஆயர்களும் என்றாவது ஒருநாள் இத்தகைய ஏற்பாட்டினை அறிவிக்கக்கூடும். அப்போது "எங்களுக்கு இந்தச் சுவாமியார்தான் வேண்டும்" என்று ஒரு தெருவும், "மற்றவர்தான் உண்மையான பங்குத்தந்தை" என்று இன்னொரு தெருவும் அணிபிரிவது எமக்குப் புதிதன்று. கொரிந்து நகரில் பவுலின் கட்சி, அப்பொல்லோவின் கட்சி, கேபாவின் கட்சி என்று பிரிந்து நின்றவர்களின் வழித்தோன்றல்கள் எம்மிடையே ஏராளம்! இரண்டு குருக்களிடம் வெவ்வேறு வேளைகளில் ஒரே கேள்வியைக் கேட்டு, தமக்குச் சாதகமான பதிலைத் தெரிவுசெய்யும் சாமர்த்தியமும் எமது குடும்பங்களுக்கு உண்டு. வீட்டில் தாயிடம் கிடைக்காத அனுமதியைத் தந்தையிடம் பெறும் பிள்ளைகளைப் போன்றதே இது.

அதேவேளை, உரிமையுடன் கேட்கவேண்டிய கேள்விகளும் உண்டு. இக்குருக்கள் ஒன்றாக வசிப்பார்களா, அல்லது கடிதத்தில் மட்டும் ஒன்றாக இருப்பார்களா? எமது வீடுகளைச் சந்திக்கும் குரு யார்? பங்குப் பேரவை கூடும்போது அனைவரும் சமுகமளிப்பார்களா? உலக ஆயர் மாமன்றம் 2024 ஒக்டோபரில் நிறைவேற்றிய இறுதி ஏடு, இத்தகைய பேரவைகள் எங்கும் கட்டாயமாக்கப்பட்டு உண்மையாகச் செயற்படவேண்டும் என்று கேட்கின்றது. கேட்பதற்கு ஒரு மேடை இருக்கவேண்டுமல்லவா?

சட்டத்தில் ஒரு சிறு விதி உண்டு. மக்களுள் அதை அறிந்தவர்கள் சிலரே. ஒவ்வொரு ஞாயிறும் கடன்திருநாளும் பங்குத்தந்தை தமது பங்குமக்கள் அனைவருக்காகவும் ஒரு திருப்பலியை ஒப்புக்கொடுக்கக் கடமைப்பட்டவர். அதற்கு எவரும் கருத்துப் பணம் கொடுப்பதில்லை. பல குருக்கள் கூட்டாகப் பொறுப்பேற்ற பங்கில், அத்திருப்பலியை எவர் நிறைவேற்றுவது என்பதை அவர்கள் ஒன்றாக அமர்ந்து ஆலோசித்து ஒழுங்குசெய்தல் வேண்டும் என 543 ஆம் பிரிவு பணிக்கின்றது. அந்த ஆலோசனை நடைபெறும் குருமனையில் ஒரு மேசையும், அதைச் சுற்றிப் போதிய நாற்காலிகளும் இருக்கவேண்டும்.